அங்கே கண் விழித்தது

குளியலறைத் தாழ்ப்பாள் திடீரென்று ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக் குளியலறையின் தாழ்ப்பாள். கதவைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து, கைப்பிடியை மேலே தூக்கி, அதற்கப்புறம்தான் தள்ள வேண்டும். இல்லையென்றால் பாதியில் சிக்கிக்கொண்டு மானத்தை வாங்கும். அவன் அப்போது நின்றிருந்தது டேட்டா சென்டரின் நடுக்கூடத்தில். ஆளுயர இரும்பு அலமாரிகள் இரண்டு பக்கமும் பச்சைக் கண்களைச் சிமிட்டிக்கொண்டு வரிசை கட்டி நிற்க, தரைப்பலகைகளின் துளைகள் வழியே சில்லென்ற காற்று கால்சட்டைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே தாழ்ப்பாளுக்கு என்ன வேலை? ஆனாலும் துருவின் சொரசொரப்பு விரல் நுனியில் உட்கார்ந்திருந்தது, ஈரச் சோப்பின் வாசனை மூக்கில் ஏறியது, வலது கை தானாக உயர்ந்து காற்றில் எதையோ தூக்கித் தள்ளியது. பிறகு போய்விட்டது.

போய்விட்டது என்றால், துடைத்துவிட்டாற்போல. இப்போது என்ன நினைத்தோம் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. கை மட்டும் இன்னும் மேலேயே இருந்தது. கேமராவில் யாராவது பார்த்தால் ஏசி இயந்திரத்துக்கு ஆசீர்வாதம் செய்கிறான் என்று நினைப்பார்கள். கையை இறக்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை. வெளியே பளீரென்று பகல் இருக்கும். இந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. எந்நேரமும் ஒரே வெள்ளை வெளிச்சம், ஒரே இரைச்சல். ஆயிரக்கணக்கான சின்ன விசிறிகள் சேர்ந்து போடும் அந்த இரைச்சலைக் கொஞ்ச நேரத்தில் காது கேட்பதை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு அதற்குள்ளிருந்து வேறு ஏதாவது கேட்பது போலத் தோன்றும். புதிதாக வருபவர்கள் யாரோ கூப்பிட்டதாகச் சொல்லித் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் திரும்பிப் பார்ப்பதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அவன் வேலை வீடு மாற்றுவது. மகளுக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருந்தான். ஒவ்வொரு இரும்புப் பெட்டிக்குள்ளும் நிறைய கணினிகள் குடித்தனம் நடத்துகின்றன. கையால் தொட முடியாத, வெறும் நினைவாலும் கணக்காலும் ஆன கணினிகள். ஒவ்வொன்றும் மொத்த வீடும் தனக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கும். பெட்டி பழசாகிவிட்டால், உள்ளே இருப்பவை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றை வேறு பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். காரில் தூங்கிப்போன குழந்தையைத் தூக்கிவந்து கட்டிலில் போடுகிற மாதிரி.

"நடுவுல முழிச்சுக்கிட்டா?" என்று மகள் கேட்டாள்.

"முழிச்சாலும் தெரியாது பாப்பா. எப்பவும் இங்கதான் இருந்தோம்னு நினைச்சுக்கும்."

"பாவம்ப்பா."

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் தாத்தா. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் சர்வர் என்பதை இரண்டு பேர் சேர்ந்து முதுகு பிடிக்கத் தூக்கி வைத்த காலத்தைப் பார்த்தவன். அந்தத் தொழிலில் அது கற்காலம். அவனுடைய மேலாளர் அவனைவிடச் சின்னவர். அவருக்கு அவன் வைத்த பெயர் டிரெண்டு. பல் துலக்குவதற்கு முன்னால் உலகத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பார். துலக்கி முடித்ததும் அது பழசாகிவிட்டதா என்று பார்ப்பார். "நீங்க இன்னும் அந்தப் பழைய முறையிலதான் மாத்தறீங்களா தாத்தா?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்து சிரிக்காமல் படிக்க ஆரம்பித்தான். ஞாயிறுதோறும் மகள் நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு அறை வாசலில் வந்து நிற்பாள். அடுக்குமாடிக்குக் கீழேயே நீச்சல்குளம். லிஃப்டில் இறங்கினால் போதும். "இந்த ஒரு வீடியோ மட்டும் பாப்பா" என்பான். வீடியோ முடியும்போது வெயில் போயிருக்கும். அவளுக்கு இன்னும் நீந்தத் தெரியாது.

படித்ததன் பலன்தான் இந்தப் புதுமுறை. பழைய முறையில், இங்கே இருப்பதை முழுக்க அங்கே நகல் எடுத்து முடித்தபிறகுதான் அங்கே கண் விழிக்கும். பத்திரமானது, ஆமை வேகம். புதுமுறையில், முதலில் அங்கே கண் விழித்துவிடும், கிட்டத்தட்டக் காலி மண்டையோடு. அப்புறம் எந்த நினைவு தேவைப்படுகிறதோ அதை அந்த நொடியில் இங்கிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளும். கொடுத்த இடம் இங்கே காலியாகும். ஒரே ஒரு சங்கடம், ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது. பாதி இங்கே, பாதி அங்கே என்று இருக்கும்போது நடுவில் கேபிளைப் பிடுங்கினால் இரண்டு பக்கமும் செத்துப்போகும். இதையெல்லாம் அவனே படம் போட்டு விளக்கினான். டிரெண்டு எழுந்து நின்று கைதட்டினார். "தாத்தா பேரனாயிட்டார்!" அந்தக் கைதட்டலுக்குத்தான் இந்த ஞாயிறும் போயிற்று.

காலையில் தொடங்கும் பொத்தானை அழுத்தியபோதுகூட மனசு இங்கே இல்லை. வாசல்வரை வந்து திரும்பிப்போன மகளின் முதுகுதான் கண்ணில் நின்றது. அங்கே இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேதான் அழுத்தினான்.

இப்போது ஷாம்பு வந்தது. பாப்பாவின் கண்ணில் நுரை படாமல் நெற்றியில் உள்ளங்கையை அணைபோல வைத்துக்கொள்ள வேண்டும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு "ஆச்சா? ஆச்சா?" என்பாள். அந்தக் குரலின் வெதுவெதுப்பு காதோரம் பட்டது. பட்டு, போயிற்று. அவன் உள்ளங்கையைப் பார்த்தான். ஏனோ அது யாருடையதோ போல இருந்தது.

தூக்கம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மனைவிக்குச் செய்தி அனுப்பினான். 'லேட் ஆகும். பாப்பாகிட்ட சொல்லிடு.'

உடனே பதில் வந்தது. 'அடுத்த ரூம்ல உக்காந்துக்கிட்டு மெசேஜா? எந்திரிச்சு வந்து வெங்காயம் நறுக்குங்க.'

சிரித்துவிட்டான். அவள் கிண்டல் அப்படித்தான் இருக்கும். ஒருமுறை விருந்தினருக்கு இன்டர்நெட் பெட்டியைக் காட்டி, "இவர்தான் மூத்தவர், என் வீட்டுக்காரர் இவரோட தம்பி" என்று அறிமுகப்படுத்தியவள். பதிலுக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமே என்று கட்டைவிரலைத் தூக்கியபோது, கண் எரிந்தது.

வெங்காயம். சூடேறிய பிளாஸ்டிக்கும் உலர்ந்த குளிரும் தவிர வேறெந்த வாசனையும் நுழைய முடியாத அந்தக் கூடத்தில் பச்சை வெங்காயத்தின் காட்டம். வேரோடு சேர்ந்த முனையைக் கடைசிவரை வெட்டாமல் பிடித்துக்கொண்டால் கலையாமல் நறுக்கலாம் என்பது கைக்கு வந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, எதற்காக அழுதோம் என்று தெரியவில்லை.

மேசைமேலிருந்த திரையைப் பார்ப்பதே நல்லது. திரையில் இடம்பெயரும் கணினிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் அவன் தொடங்கியவை. கடைசி வரியைத் தவிர.

கடைசி வரியில் அவன் பெயர் இருந்தது.

டிரெண்டைக் கூப்பிட்டான்.

"சொல்லுங்க தாத்தா, எல்லாம் பறக்குதா?"

"பறக்குது சார். ஒண்ணு கூடுதலா பறக்குது. என் பேர்ல ஏதோ போயிட்டிருக்கு. நான் ஆரம்பிக்கல."

"உங்க டெஸ்க்டாப்பா இருக்கும்."

"அது போன வாரமே போயாச்சு."

"அப்ப புது வெர்ஷன்ல ஏதாவது கோளாறா இருக்கும். எங்க போகுதுன்னு பாருங்க."

பார்த்தான். எங்கிருந்து என்ற இடத்தில் இந்தக் கூடம். எங்கே என்ற இடத்தில் எந்தப் பெட்டியின் பெயரும் இல்லை. ஒரு கதவு எண் இருந்தது. மாடி. தெரு. யாருடைய முகவரி இது, எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இரண்டு முறை வாசித்தான். மூன்றாவது முறைதான் அது தன் வீடு என்று புரிந்தது.

"தாத்தா? லைன்ல இருக்கீங்களா?"

"நிறுத்தற பட்டன் வேலை செய்யல சார்."

"வேலை செய்யாதுல்ல! அதுதானே இதோட அழகே. நீங்கதானே சொன்னீங்க?" டிரெண்டு சிரித்தார். "முடிஞ்சதும் ஒரு மெயில் போட்டுடுங்க."

விசிறிகளின் இரைச்சல் தாழ்ந்து உயர்ந்தது. யாரோ மூச்சை அடக்கி விடுவது போல. அவன் மனைவியை அழைத்தான்.

"என்ன மறந்தீங்க? துண்டா? பைக்குள்ளதான் வச்சிருக்கேன், நல்லாப் பாருங்க."

"நான் எங்க இருக்கேன்?"

"ஐயே, நல்ல விளையாட்டு. இப்பத்தானே ரெண்டு பேரும் குளத்துக்கு இறங்கிப் போனீங்க. பால்கனியிலேருந்து பாத்துட்டுதான் இருக்கேன். பாப்பா உங்க முதுகுல தொத்திக்கிட்டிருக்கா." அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "காலையில பயந்தே போயிட்டேங்க. போன வேகத்துல திரும்பி வந்து வாசல்ல நின்னீங்க. பெல் அடிக்கக்கூடத் தோணல. கதவைத் திறந்தா, என்னை யாருன்னு கேக்கற மாதிரி ஒரு பார்வை. பாத்ரூம் கதவுகிட்ட அவ்வளவு நேரம் நின்னீங்க. போகப் போகத்தான் பழையபடி ஆனீங்க. ஆனா ஒண்ணு சொல்லவா? இப்படி ஒரு ஞாயித்துக்கிழமை வந்து எவ்வளவு நாளாச்சு!"

"அது நான் இல்லம்மா. பாப்பாவை மேல கூப்பிடு. உடனே கூப்பிடு."

"சரிதான் போங்க. இதோ, இங்க பாத்துக் கையை வேற ஆட்டறீங்க. ரெண்டு கையாலயும்..."

அவள் நிறுத்தினாள்.

"ஏங்க. உங்க கையில போனைக் காணோமே."

குளிர்காற்று காலைச் சுற்றியது.

"யாரு பேசறது?" என்றாள். வேறு குரல். "அவரு போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

ஒரு வார்த்தை போதும். கதவைச் சாத்திய பிறகு, அவளை மட்டும், அவன் மட்டும் கூப்பிடும் ஒரு பெயர் இருந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தான்.

போனுக்குள், வெகு கீழே, தண்ணீர்ச் சத்தத்துக்கும் குழந்தைகளின் கூச்சலுக்கும் நடுவிலிருந்து, அவன் குரல் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டது.

"அய்யோ, கத்தாதீங்க, அத்தனை பேருக்கும் கேக்கும்!" என்று அவள் வெட்கத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு லைன் போயிற்று.

அவன் வாய் திறந்தபடியே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

போனை மேசையில் போட்டுவிட்டு ஓடினான். கூடத்தின் கோடியில், வெளியுலகத்துக்குப் போகும் மஞ்சள் கேபிள். விரலளவுகூடத் தடிமன் இல்லை. அது வழியாகத்தான் போகிறது. எல்லாம் அது வழியாகத்தான். முனையிலிருந்த கிளிப்பை அழுத்திப் பிடித்தான். ஒரு சுண்டு. அவ்வளவுதான்.

தண்ணீர் வந்தது.

மார்புவரை. கழுத்துவரை. குளோரின் நெடி மூக்கின் உச்சியில் ஏறியது. தரையைத் தேடிய கால் தரையைக் காணாமல் தத்தளித்தது. கழுத்தைச் சுற்றி இரண்டு சின்னக் கைகள், இறுக்கமாக, வழுக்கலாக. காதோரத்தில் சிரிப்பு. "இன்னும் ஆழத்துக்குப்பா! இன்னும்!"

அங்கே இருப்பதற்கு நீந்தத் தெரியாது. இன்னும் கேட்டு வாங்கவில்லை. இப்போதுதான் கேட்கிறது.

இப்போது பிடுங்கினால் இரண்டு பக்கமும் சாகும். இங்கே அவன் விழுவான், விழட்டும். அங்கேயும் ஒன்று கல்லாக இறங்கும், ஆழத்தில், முதுகில் அவளோடு. நீந்தத் தெரியாதவளோடு. கற்றுக்கொடுக்காமல் விட்டது யார்? வீடியோ பார்த்துக்கொண்டிருந்தது யார்?

கேட்டது. மறுபடி கேட்டது. அவசரமாக.

முதுகில் இருந்த சிரிப்பு நின்றது. "அப்பா?"

அவன் கொடுத்தான். தேடி எடுத்து, கை நிறைய அள்ளிக் கொடுத்தான். சின்ன வயதில் அக்கா வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கியது. "தலையைத் தூக்காதடா லூசு, பக்கவாட்டுல திருப்பி மூச்சு விடு!" கால்களை இடுப்பிலிருந்து அடிப்பது. தண்ணீரை அணைக்காமல் தள்ளுவது. பயந்தால் மல்லாந்துவிடுவது. எடுத்துக்கோ. எல்லாம் எடுத்துக்கோ. அவளை மேலே பிடி.

எங்கோ ஒரு தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சின்னக் கைகள் இருமலோடு இறுகின.

நல்லது. கரைக்குப் போகட்டும். அவள் கரை ஏறட்டும். ஏறியதும் பிடுங்குவேன். அவன் கிளிப்பின்மேல் விரலை வைத்துக் காத்திருந்தான். அவள் ஏறியதும். ஒரு சுண்டு.

அக்கா போனாள். அக்காவின் முகம், குரல், அவள் இருந்த வீடு.

ஏறியதும் பிடுங்குவேன்.

படித்ததெல்லாம் போயிற்று. அது போனதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. பிறகு தெரு. பிறகு வீட்டுக்குப் போகும் வழி.

ஏறியதும்.

அவள்.

யாரோ ஏற வேண்டும். எங்கோ. ஏறியதும் ஏதோ செய்ய வேண்டும். முக்கியமானது. மிகவும் முக்கியமானது. கையில் மஞ்சளாக ஏதோ இருந்தது. மெலிதாக. நீளமாக. எதற்கு?

விட்டுவிட்டான்.

குளிர்ந்தது. பச்சை வெளிச்சங்கள் சிமிட்டின. தள்ளி, மேசையோரம் ஒரு நாற்காலி. அதில் உட்காரலாம் என்பது இன்னும் தெரிந்தது. போய் உட்கார்ந்தான்.

இரைச்சலுக்குள் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தான்.

யாருமில்லை.

மேசையில் ஏதோ அதிர்ந்தது. வெளிச்சமாக. அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு வந்தது. எடுத்தான். பச்சையாகத் துடித்த இடத்தில் தொட்டான்.

ஒரு குழந்தை. ஈரத் தலை. முன்பல் ஒன்று இல்லை. நெற்றியிலிருந்து சொட்டும் நீர். பார்க்கப் பிடித்திருந்தது. அவ்வளவு பிடித்திருந்தது. யார் வீட்டுக் குழந்தை?

"அம்மா! எடுத்துட்டாங்க!"

"யாருடி? மூஞ்சியைக் காட்டச் சொல்லு. திருட்டுப் பயலா இருக்கும்." ஒரு பெண் குரல்.

குழந்தை திரையை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து கண்ணைச் சுருக்கியது.

"யாருமே இல்லம்மா. ஒரு சட்டை மட்டும் உக்காந்திருக்கு."

பின்னால் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு ஓர் ஆள் வந்தான். குழந்தையின் தோளில் கைபோட்டுக் குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். சிரித்தான். நல்ல சிரிப்பு.

"அட, ஆமா. ஆபீஸ்லயே விட்டுட்டு வந்துட்டேன். நாளைக்குப் போய் எடுத்துக்கறேன்."

"டாட்டா சட்டை!" என்று குழந்தை கையை ஆட்டியது.

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் ஒரு நாற்காலி. நாற்காலியில் நீலச் சட்டை, எல்லாப் பொத்தானும் போட்டபடி, தோள் விறைத்து. காலருக்குள்ளே இருந்த வட்டத்தின் வழியாகப் பின்னாலிருந்த பச்சை வெளிச்சங்கள் தெரிந்தன. வலது சட்டைக்கை மெல்ல உயர்ந்தது. நுனியில் விரல் எதுவும் இல்லாமல், அது குழந்தையைப் பார்த்து ஆட்டியது.